லேசான குண்டு

குண்டு தூக்கும் மேடை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று பூங்காவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்கிறார்கள். போன வாரம் மூன்று பேர் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கதை கேள்விப்பட்டிருக்கிறார்கள். குண்டு திருடு போய்விட்டது என்றார் ஒருத்தர். ஒரு குழந்தையின் காலில் விழுந்து கால் போய்விட்டது என்றார் இன்னொருத்தர். இரண்டும் இல்லை. நடந்ததை எழுதிக் கொடுங்க, வேலைக்கு வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறோம் என்றார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். அந்தக் குண்டைக் குழந்தைகள் கையில் எடுத்துக் கொடுத்தவன் நான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது வெறும் இரும்பு இல்லை. உள்ளே வெடிமருந்து இருந்தது. வெடிக்காமல் மிச்சமாகிப்போன குண்டு. எங்களுக்குத் தெரியாது. ஏழு வருடம் தெரியாது.

பூங்கா இருப்பது அன்னூரைத் தாண்டி, மேட்டுக்காட்டில். வெள்ளைக்காரப் படையும் மைசூர்ப் படையும் மோதிய இடம் என்று வாசல் பலகையில் எழுதியிருக்கும். உள்ளே போனால் வேலமரமும் ஓடைக்கல்லும்தான். ஒரு மண்கோட்டையின் கரை கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சண்டை நடந்த இடத்தை மட்டும் காட்டினால் ஆள் வராது என்று அரசாங்கத்தில் விளையாட்டுகளும் வைத்தார்கள். நூலேணி, கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கி வருவது, வில் அம்பு, கவண்கல், மட்டக்குதிரை சவாரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் நிற்க இடம் இருக்காது.

நான் அதற்கு முன்னால் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினாறு வருடம் இருந்தேன். மில்லை மூடிவிட்டார்கள். பூங்காவில் ஆள் எடுத்தார்கள், போனேன். பதினைந்து நாள் பயிற்சி. முடிச்சுப் போடுவது, இடுப்பு பெல்ட் மாட்டுவது, மயங்கியவரைத் தூக்குவது. அவ்வளவுதான். மற்றதெல்லாம் விசுவநாதன் சாரிடம் கற்றுக்கொண்டது. அவர் பூங்காவின் கண்காணிப்பாளர்.

ஒன்பது மணிக்குத்தான் கேட் திறப்போம். அவர் ஏழு மணிக்கே வந்துவிடுவார். வெயிலோ மழையோ கையில் குடை. முதலில் நூலேணி. ஒவ்வொரு படியையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். கண்ணால் பார்ப்பது அவருக்குப் போதாது. பிறகு கம்பி ஓட்டம். கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து இரண்டு தடவை திறந்து மூடுவார். 'டிக்' என்ற சத்தம் சரியாக வராவிட்டால் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அதெல்லாம் முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, குடையை என் கையில் கொடுத்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவரே முதலில் சறுக்கி வருவார். ஐம்பத்தாறு வயது. முகத்தில் பயமும் இருக்காது, சிரிப்பும் இருக்காது. பஸ்ஸில் வருகிற மாதிரி வருவார். இறங்கிக் குடையை வாங்கிக்கொண்டு, "தெறக்கலாமுங்க" என்பார். அதற்கப்புறம்தான் டிக்கெட் கொடுக்கிற ஜன்னல் திறக்கும்.

சத்தம் போட மாட்டார். சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சீட்டாகக் கொடுப்பார். 'மூன்றாம் படி, இடது கயிறு, மாற்றவும்.' கீழே ஒரு கையெழுத்து. கோபம் வந்தால் அவர் பேச்சில் 'ங்க' கூடும். அது கூடக் கூட நாங்கள் செய்த வேலையை மறுபடி ஒரு தடவை போய்ப் பார்ப்போம்.

ஒரு தடவை சரவணம்பட்டியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் முப்பது பேர் வந்தார்கள். அதில் ஒரு பையன் நல்ல உடம்பு. கம்பியில் பாதி தூரம் வந்தவன் பயத்தில் கம்பியையே கையால் பிடித்துவிட்டான். அந்தரத்தில் நின்றுவிட்டான். கீழே இருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

"டேய், அங்க சிக்னல் வருதாடா?"

"மச்சி, லீவு லெட்டர அங்கிருந்தே அனுப்பிப்போடு!"

அவன் அழுதுகொண்டிருந்தான். கீழே இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. விசுவநாதன் சார் பெல்ட்டை மாட்டினார். "தம்பி, கண்ண மூடிக்குங்க. நான் வாரேனுங்க," என்று போய், அவன் இடுப்போடு கயிறு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வந்து சேர்த்தார். இருபது நிமிடம் ஆனது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க ஆறுச்சாமி, கைய எங்க வெக்கோணும்னு அவருக்குச் சொன்னீங்களாங்க?"

"சொன்னேனுங்க சார்."

"காட்டுனீங்களாங்க?"

நான் காட்டவில்லை. வாயால் சொன்னதோடு சரி.

"சொல்றது வேறைங்க, காட்டறது வேறைங்க. இல்லீங்களாங்க?"

அடுத்து வந்தவரிலிருந்து ஒவ்வொருத்தர் கையையும் பிடித்து வைத்துக் காட்டினேன்.

இவ்வளவு ஜாக்கிரதையான மனுசர் இருந்த இடத்தில்தான் இது நடந்தது. இதைப் படிக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் ஆறு குண்டுகளை டிராக்டரில் கொண்டுவந்து இறக்கினார். அவருடைய அப்பா காலத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தவையாம். வீட்டில் ஊறுகாய்ப் பானை மேல் பாரமாக வைத்திருந்திருக்கிறார்கள். மேலிடத்துக்கு எழுதிப் போட்டோம். பீரங்கிக் குண்டு, இரும்பு, காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. நேரில் யாரும் வந்து பார்க்கவில்லை.

ஆறும் ஒரே அளவு. இரண்டு கையையும் சேர்த்துக் குவித்தால் மேலே கொஞ்சம் நிற்கும். ஐந்து குண்டு பதினோரு கிலோ. ஒன்று மட்டும் ஏழு கிலோ. அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். டிராக்டரிலிருந்து இறக்கும்போது கைக்குத் தெரிந்தது.

"சார், இதொண்ணு லேசா இருக்குதுங்க. சின்னப் புள்ளைங்களுக்கு ஆகுமுங்க."

அவருக்கும் சரியென்று பட்டது. மூன்று படி வைத்து மேடை கட்டினோம். கீழே இருக்கும் குண்டைத் தூக்கி முதல் படி, இரண்டாம் படி, மூன்றாம் படி என்று ஏற்ற வேண்டும். பெரியவர்களுக்குப் பதினோரு கிலோ. குழந்தைகளுக்கு லேசானது. கைதவறி விழுந்தால் காலில் படக்கூடாது என்று சார் யோசித்தார். லாரி டயரில் மணலை நிரப்பிச் சுற்றிலும் போடச் சொன்னார். அதனால் விழுந்தால் மணலில்தான் விழும். ஆனால் படி கருங்கல். படியில் மோதிவிட்டு மணலில் விழும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை மோதியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டதில்லை. இனியும் போட மாட்டேன்.

"தாத்தா, இது மட்டும் ஏன் லேசா இருக்குது?" என்று குழந்தைகள் கேட்கும்.

"துருப்புடிச்சுத் தேஞ்சு போச்சு கண்ணு," என்பேன்.

ஒரு பையன் அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தேஞ்சா சின்னதாத்தான ஆகோணும்? ரெண்டும் ஒரே அளவா இருக்குது?" என்றான். நான் சிரித்தேன். அவன் டீச்சரும் சிரித்தது. வாயாடி என்று அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி வரிசையில் நிறுத்தியது. அந்தப் பையன் கேட்டதுதான் சரியான கேள்வி.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டம்.

வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கூட்டம் வருவதற்கு முன்னால் குண்டுகளுக்குத் துரு எடுப்போம். பெயிண்ட் அடித்தால் குழந்தைகள் கையில் ஒட்டும். அதனால் கொல்லன் பட்டறையில் செய்கிற மாதிரி நெருப்பில் காட்டி எண்ணெய் பூசுவது. தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, குவித்துத் தீ மூட்டுவேன். கனல் ஆனதும் மேலே கம்பி வலை போட்டு, குண்டுகளை வரிசையாக வைப்பேன். அப்பப்போ உருட்டிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்'ரென்று ஓட வேண்டும். அதுதான் பக்குவம். உடனே இடுக்கியால் எடுத்துச் சாக்குத்துணியில் எண்ணெய் தோய்த்துத் தேய்த்தால் கறுப்பு ஏறும். பளபளவென்று இருக்கும்.

லேசான குண்டு சீக்கிரம் சூடாகும். மற்றது அரை மணி நேரம் என்றால் அதற்குப் பத்து நிமிடம் போதும். நல்ல குண்டு, வேலை வாங்காத குண்டு என்று நினைத்துக்கொள்வேன். அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பீடி குடித்திருக்கிறேன். பீடியைப் பற்றவைத்ததே அந்தக் கனலில்தான்.

ஏழு பொங்கல்.

ஒரு பெண் குழந்தைக்குக் குண்டுக்கும் படிக்கும் நடுவில் விரல் மாட்டி நகம் கறுத்துப் போனது. விசுவநாதன் சார் அன்று மாலையே மேடைக்கு வந்து, தானே குண்டைத் தூக்கி வைத்துப் பார்த்தார். பத்துத் தடவை பார்த்தார். மறுநாள் சீட்டு வந்தது. 'குழந்தைகள் குண்டுக்குப் பிடிவளையம் வெல்டு வைக்கவும்.'

வளையத்தைப் பிடித்துத் தூக்கினால் விரல் அடியில் போகாது. நல்ல யோசனைதான். நானும் நல்லதென்றேன்.

அன்னூரிலிருந்து டேவிட் என்று ஒரு வெல்டர். பூங்காவுக்குக் கேட், வேலியெல்லாம் அவர்தான் வைத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, பதினோரு மணிக்கு வண்டியில் சாமான்களோடு வந்தார். எங்களுக்குக் கூட்டமான நேரம். குழந்தைகள் குண்டு இல்லையென்றால் அழும், அதனால் சீக்கிரம் முடித்துக் கொடுங்க என்று மேடைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தோம். கயிறு கட்டி ஆட்களை நாலடி தள்ளி நிறுத்தினோம். நாலடி.

அன்றைக்கு ஒரு வார்ப்படக் கம்பெனிக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். பாதி குழந்தைகள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசை கட்டி வெல்டிங் பார்க்க நின்றார்கள்.

டேவிட் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வார்ப்பிரும்புங்க. இதுக்கு நேரா ராடு வெச்சா விட்டுப்போயிருமுங்க. முதல்ல கேஸ்ல நல்லா சூடேத்தோணும். செவக்கற பக்குவம் வரோணும். அப்பறந்தான் பிடிக்கும்," என்றார்.

நான் குண்டை இரண்டு செங்கல் நடுவில் வைத்து ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அவர் கேஸ் குழாயைத் திறந்து பற்றவைத்தார். நீல நெருப்பு.

"ஏனுங்கண்ணா, ஒரு நிமிசம் இருங்க."

வரிசையிலிருந்து ஒரு அம்மணி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தது. நாற்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். பெயர் சரசாள் என்று பிறகு தெரிந்துகொண்டோம். வார்ப்படக் கம்பெனியில் கோர் போடுகிற வேலை. உள்ளே பொந்து விழ வேண்டிய வார்ப்புக்கு மண்ணைப் பிடித்து நடுவில் வைப்பதைத்தான் கோர் என்பார்கள். இரும்பு ஊற்றி ஆறினதும் அந்த மண்ணைத் தட்டி எடுத்துவிடுவார்கள்.

"இப்பத்தான் எம்பட மக இதத் தூக்குனா. நானும் தூக்கிப் பாத்தேனுங்க. இது கட்டி இல்லீங்க. உள்ள பொள்ளு, வெறும் பொந்து."

டேவிட் சிரித்தார். "பீரங்கிக் குண்டுங்கம்மா. இதென்ன தண்ணிப் பம்புன்னு நெனச்சீங்களா?"

"நீங்க சிரிங்க. கை பொய் சொல்லாதுங்க." அந்த அம்மணி கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துக் கனமான குண்டு ஒன்றைத் தட்டியது. பிறகு லேசான குண்டைத் தட்டியது. இரண்டு சத்தமும் வேறு வேறு. எனக்கே கேட்டது. ஏழு வருடம் கூடவே இருந்தவன், ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை.

"மூடுன வார்ப்புக்கு நெருப்புக் காட்டக் கூடாதுங்க. உள்ள இருக்கற காத்து போக வழி வேணும். எங்க கம்பெனில ஒருத்தருக்கு மூஞ்சில அடிச்சுப்போட்டுது."

விசுவநாதன் சார் வந்துவிட்டார். கேட்டார். குனிந்து தானும் தட்டிப் பார்த்தார். "அவங்க சொல்றது சரிங்க. நெருப்ப நிறுத்துங்க," என்றார். டேவிட் கேஸை மூடினார்.

இதோடு விட்டிருந்தாலும் பிழைத்தோம். விடவில்லை. பொள்ளு என்று தெரிந்தது, என்ன பொள்ளு என்று யாருக்கும் தோன்றவில்லை. சரசாளுக்கு வார்ப்புத் தெரியும். டேவிட்டுக்கு வெல்டிங் தெரியும். சாருக்குக் கயிறும் கொக்கியும் தெரியும். எனக்கு நெருப்புத் தெரியும். எல்லோரும் அவரவர் தெரிந்த வழியிலேயே போனோம்.

சரசாள் குண்டை உருட்டி உருட்டிப் பார்த்து ஓரிடத்தில் விரல் வைத்தது. காசு அகலத்துக்கு ஒரு வட்டம். என் ஏழு வருடத்துக் கறுப்பில் மூடியிருந்தது. "இதா பாருங்க, கோர் எடுத்த ஓட்டை. எடுத்துப்போட்டு அடச்சிருக்காங்க. இதத் தெறந்து விட்டுட்டா காத்துப் போயிரும். அப்பறம் சூடேத்திக்கலாமுங்க."

டேவிட்டிடம் உளியும் சுத்தியலும் வாங்கினேன். குண்டைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு அடித்தேன். நல்ல அடி. அடைப்பு உடைந்து வந்தது. இரும்பு வரும் என்று பார்த்தால் மரம். மக்கிப்போன மரத்துண்டு.

"கட்டையா?" என்றது சரசாள். "வார்ப்புல கட்டைய எவன் அடைப்பான்?"

 நான் குண்டைக் கவிழ்த்துத் தட்டினேன். முதலில் தூசி. பிறகு கறுப்பாக, குருணை மாதிரி ஒரு பிடி, இரண்டு பிடி விழுந்தது. மற்றது உள்ளே கட்டி தட்டி நின்றுவிட்டது.

"அட, கோர் மண்ணுங்க!" சரசாளின் முகம் தெளிந்தது. "கரி கலந்த மண்ணு. எடுக்காமயே விட்டுட்டானுக. அந்தக் காலத்துலயும் வேலைக்கள்ளனுக இருந்திருக்கானுக பாருங்க."

எல்லோரும் சிரித்தோம். வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் அந்த மண்ணில் வேலை செய்கிறவர்கள். விசுவநாதன் சார்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. டேவிட் மூன்றடி தள்ளிப்போய் வளையத்தை மெருகு போட கிரைண்டரை எடுத்தார்.

சரசாள் பழக்க தோசத்தில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் போட்டு, எச்சில் தொட்டுத் தேய்த்தது. கோர் மண் பிடிக்குமா உதிருமா என்று அப்படித்தான் பார்ப்பார்களாம். தேய்த்த கை நின்றது. மறுபடி தேய்த்தது. மோந்து பார்த்தது.

"ஏனுங்கண்ணா," என்றது. குரல் மாறிவிட்டது. "மண்ணுன்னா நெறநெறங்கோணும். இது மை மாதிரி இழையுதுங்க. தீவாளி வாசம் அடிக்குது."

அந்த நேரத்தில் டேவிட் கிரைண்டரைப் போட்டார்.

பொறி பறந்தது. அவர் எங்கள் பக்கம் முதுகைக் காட்டித்தான் இருந்தார். பொறி கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. நான் பார்த்தேன். கத்த வாய் திறந்தேன். அதற்குள் கீழே கிடந்த கறுப்புக் குவியல் எழுந்துவிட்டது. வெடிக்கவில்லை. 'புஸ்'ஸென்று ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை வெளிச்சம். கண் தெரியவில்லை. முகத்தில் அடுப்பைத் திறந்த மாதிரி சூடு. பிறகு புகை. மயிர் பொசுங்குகிற நாற்றம்.

குண்டு என் காலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டை திறந்திருந்தது. உள்ளே இன்னும் முக்கால்வாசி இருந்தது.

யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக் குண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன். மட்டக்குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கிற சிமெண்டுத் தொட்டி ஐம்பதடி தூரத்தில். உள்ளே வைத்துக் கையை எடுத்தேன். குமிழி வந்தது. நிறைய வந்தது. நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். குதிரை ஒன்று தண்ணீர் குடிக்க வந்து என்னை மூக்கால் தள்ளியது.

திரும்பிப் பார்த்தேன். குழந்தைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை காட்டினோம் என்று நினைத்துவிட்டார்கள். டேவிட்டுக்குப் புருவம் இல்லை. சரசாளுக்குச் சேலைத் தலைப்புக் கருகியிருந்தது. அந்த அம்மணி தன் மகளை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது எட்டு வயதுப் பிள்ளை. "அம்மா, விடும்மா, வலிக்குது," என்று நெளிந்தது. சரசாள் விடவில்லை.

விசுவநாதன் சார் பேசினார். அப்போதும் சத்தம் இல்லை. "சாப்பாட்டு நேரமாச்சுங்க, எல்லாரும் கேட் பக்கம் போலாமுங்க. ஓட வேண்டாமுங்க. குழந்தைங்க கையப் புடிச்சுக்குங்க. மெதுவாப் போலாமுங்க." வரிசை கலையாமல் போனது. கடைசி ஆள் போகிற வரைக்கும் குடையோடு நின்றார். பிறகு வேலமரத்துக்குப் பின்னால் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சாயங்காலத்துக்குள் வெடிகுண்டுப் பிரிவிலிருந்து அதிகாரி ஒருத்தர் ஆட்களோடு வந்தார். தொட்டியிலிருந்து குண்டை எடுத்து மணல் பெட்டியில் வைத்தார்கள். சின்ன வயசுதான் அவருக்கு. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தக் குண்ட இதுவரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க," என்றார்.

சொன்னேன். குழந்தைகள் தூக்குவார்கள். படியில் மோதும். கீழே விழும். அவர் எழுதினார். ஒரு தடவை ஆணி அறைய சுத்தியல் கிடைக்காமல் அதையே வைத்து அறைந்தேன். எழுதினார். இன்றைக்கு உளி வைத்து அடித்தேன். எழுதினார். வருடா வருடம் தேங்காய்த்தொட்டி நெருப்பில் வைத்துச் சூடு பண்ணினேன்.

பேனா நின்றது.

"நெருப்புலயா?"

"ஆமாங்க."

"எவ்வளவு நேரம்?"

"தண்ணி சொட்டுனா சுர்ருங்கற வரைக்குங்க."

அவர் நோட்டை மூடிவிட்டார்.  "ஒரு அஞ்சு நிமிசம் பேச்சுல மறந்திருந்தீங்கன்னா..." என்றார். முடிக்கவில்லை. போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதிக்கொண்டார். ஓட்டையில் இருந்த மரத்துண்டு திரி வைக்கிற குழாய், திரி அணைந்துபோய் வெடிக்காமல் விழுந்த குண்டு இது, மற்ற ஐந்தும் கட்டி இரும்புதான் என்று பார்த்துச் சொன்னார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார் சார்.

மேலிடத்துக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. பழைய குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது, ஒப்படைக்கப்பட்டது என்று இரண்டு வரி போதும் என்று போனில் சொன்னார்களாம். விசுவநாதன் சார் பதினோரு பக்கம் எழுதினார். படிகளில் மோதியது, விழுந்தது, நெருப்பில் வைத்தது, எல்லாம் இருந்தது. எனக்கு வாசித்துக் காட்டினார். 'சூடு செய்யப்பட்டது' என்று இருந்ததே தவிர, யார் செய்தது என்று இல்லை.

"எம் பேரப் போடுங்க சார். நான்தானுங்க செஞ்சது."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து வைத்தார். 'பொங்கலுக்கு முன் குண்டுகளைத் துரு நீக்கவும். நெருப்பில் காட்டவும்.' கீழே அவர் கையெழுத்து.

"நான் காட்டச் சொன்னேனுங்க. நீங்க காட்டுனீங்க. ஆனா ஒண்ணுங்க ஆறுச்சாமி. தினமும் அந்தக் கொக்கிய ரெண்டு தடவை காதுல வெச்சுக் கேட்டேனுங்க. அந்தக் குண்ட ஒரு தடவை தட்டிக் கேக்கலீங்க."

  அறிக்கையில் கடைசியில் அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என்னை ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து நான் ஓய்வு பெற்றேன்.

அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள். புதன்கிழமை, கூட்டம் இல்லை. பத்து வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை அப்பா அம்மாவோடு வந்தது. நேராக மேடைக்கு ஓடிவந்தது. போன தடவை வந்தபோது இரண்டாம் படி வரைக்கும்தான் ஏற்ற முடிந்ததாம். வீட்டில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பழகியிருக்கிறதாம். இன்றைக்கு மூன்றாம் படி வைத்தே தீருவேன் என்று வந்திருக்கிறது.

"குண்டு எங்கீங்க தாத்தா?"

எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க என்றேன்.

"ஏனுங்க?"

துருப்பிடித்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவளுடைய அப்பா அம்மா பலகையைப் படித்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். நான் குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதுக்குள்ள வெடிமருந்து இருந்துது கண்ணு. எங்களுக்குத் தெரியல. தெரியாம உங்கையில குடுத்துட்டோம்.

அவள் மேடையைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். மூன்றாவது படியைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"நான் கீழ போட்டிருந்தா வெடிச்சிருக்குமாங்க?"

"வெடிச்சிருக்கலாம் கண்ணு."

 பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி என் தோளில் கை வைத்தாள்.

"நான்தான் கீழ போடவே இல்லீங்களே தாத்தா."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.  அவளுடைய அப்பா ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். வெயிலுங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.